கொடிகளுக்கு நடுவே

ஏப்ரல் 2, இரவு

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதம் ஈரமாக வந்து சேர்ந்தால் என்னைத் திட்டாதே. நம் ஐஸ் ஆலை வண்டியில் வருகிறது. இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டு, தன் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்வதாக ஓட்டுநர் அண்ணன் சொன்னார். "உங்க அக்கா விடுதி அந்த ஊர் மீன் சந்தைக்குப் பின்னாலதான். சரக்கு இறக்கிட்டு வரும்போது குடுத்துடறேன். உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா நான் வேற வேலை தேடணும், நீ வேற வீடு தேடணும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆலையிலிருந்து வீட்டுக்கு ஏறும் மாடிப்படிக்கு அடியில், பழைய சாக்குகளின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். கம்ப்ரஸர் அறை விளக்கு, கதவிடுக்கு வழியாக ஒரு விரல் அகலத்துக்கு இங்கே விழுகிறது. தாளை நகர்த்தி நகர்த்தித்தான் எழுத வேண்டும். கம்ப்ரஸர் ஓடும்வரை பயமில்லை. அந்தச் சத்தத்தில்தான் அப்பா நன்றாகத் தூங்குவார். அது நின்றால்தான் விழித்துக்கொள்வார். உனக்குத் தெரியாததா. அது நின்றதும் நான் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிடுவேன், மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. உன் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. யாரும் என்றால் நானும் அப்பாவும்தான். அம்மா இருந்திருந்தால் எடுத்திருப்பாள். போன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. குளிக்கப் போனாலும் கூடவே போகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் என்னை நிறுத்தி, "உங்க அக்கா இந்த வருஷமும் டிரையத்லானுக்குப் பேர் குடுத்திருக்காளாமே, கெட்டிக்காரி" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "போன வருஷம் ரோட்ல விழுந்தாங்களே, அவங்களா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள்.

அக்கா, வேண்டாம். துறைமுகத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் நீந்தி, நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதற்கு மேல் கடற்கரைச் சாலையில் நாலு சுற்றாகப் பத்துக் கிலோமீட்டர் ஓட உன்னை யார் கேட்டு அழுதார்கள்? அதுவும் மே மாத வெயிலில். மூன்றாவது சுற்றில் நீ விழுந்ததை நான் நேரில் பார்த்தேன். உன் கண் திறந்திருந்தது, ஆனால் நீ என்னைப் பார்க்கவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். இன்றைக்கும் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறேன்.

"மறுபடி அந்தப் போட்டிக்குப் போனா இந்த வீட்டு வாசலுக்கு வராதே" என்று அப்பா சொன்னார். நீ போகாவிட்டால் ஒருநாள் திரும்பி வந்துவிடலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ பெயர் கொடுத்ததால் அந்தக் கதவும் சாத்திக்கொண்டது.

கம்ப்ரஸர் நிற்கப் போகிறது, இழுக்கிறது. போதும்.

சுண்டெலி


ஏப்ரல் 9

சுண்டெலிக்கு,

கடிதம் ஈரமில்லை. மீன் வாடைதான். விடுதியில் என் அறைத் தோழி, "யாருடி இது, கடல்கன்னி எழுதியிருக்காளா?" என்று கேட்டாள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். போன வருஷம் நான் வெயிலால் விழவில்லை. பயந்துபோய், ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளினேன். வியர்வையில் உப்பு போனது, மிச்சமிருந்த உப்பையும் தண்ணீர் கரைத்துவிட்டது. தாகத்தில் விழுந்தவள் இல்லை, தண்ணீர் குடித்தே விழுந்தவள். டாக்டர் சொன்னது இதுதான். அப்பாவும் பக்கத்தில்தான் நின்றார். ஆனால் அவர் காதில் 'வெயில்' என்ற ஒரு சொல்தான் விழுந்தது. பிறந்ததிலிருந்து வெயிலிடமிருந்து ஐஸை ஒளித்து ஒளித்து வாழ்ந்த மனிதர். "ஐஸ் பாளத்தை வெயில்ல வச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். மனுஷனும் அதேதான்" என்பார். அவரிடம் கேட்டுப் பார்: அந்தப் பெரிய தொட்டியில், ஐஸ் அச்சுப் பெட்டிகளைச் சுற்றி உப்புத் தண்ணீர் இல்லாவிட்டால் அவர் ஐஸ் உறையுமா? என் உடம்புக்கும் உப்பு வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

இந்த வருஷம் உப்பு கரைத்த பாட்டில் சைக்கிளிலேயே இருக்கும். வெயிலுக்கும் உடம்பைப் பழக்குகிறேன். நான் வேலை பார்க்கும், செயற்கைப் பல் கட்டும் பல் கூடத்தில் அச்சு சுடும் உலை இருக்கிறது அல்லவா, மதிய இடைவேளையில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் நின்ற இடத்திலேயே ஓடுகிறேன். முதலாளி எட்டிப் பார்த்து, "மேடம், கட்டுற பல்லெல்லாம் உங்களைப் பார்த்துச் சிரிக்குது" என்றார். சிரிக்கட்டும். மெழுகில் வரிசையாக நட்டு வைத்த பற்களுக்கு வேறு என்ன வேலை.

வாசலைப் பற்றி எழுதியிருந்தாய். ஆஸ்பத்திரியில் நான் கண் திறந்தபோது அப்பா போட்டி நடத்துகிறவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். "இனி அவ ஓட மாட்டா. நான் சொல்றேன்ல" என்றார். நான் அங்கேயே படுத்திருக்கிறேன், என் கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்கிறது. என் பக்கம் திரும்பிக் கூடக் கேட்கவில்லை. அவர் கத்தியிருந்தால் பொறுத்திருப்பேன். என் வாயால் அவர் பேசினார் பார், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நான் பதக்கத்துக்கு ஓடவில்லை. அந்த ஊரில் எல்லாருக்கும் நான் 'விழுந்த பொண்ணு'. விழுந்த இடத்தைத் தாண்டிப் போய், முடிவுக் கோட்டைத் தொட்டுவிட்டு வருவேன். கடைசி ஆளாகத் தொட்டாலும் சரி.

பயப்படாதே என்று சொல்ல மாட்டேன். சொன்னால் கேட்கிற ஜாதியா நீ. நன்றாகப் படி.

அக்கா


ஏப்ரல் 17, இரவு

அக்கா,

மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு உலை பக்கத்தில் ஓடுகிறேன் என்று எழுதுகிறாய், பிறகு பயப்படாதே என்று சொல்லவும் மாட்டாயாம். நல்ல நியாயம்.

இரண்டு செய்தி. ஒன்று, போட்டிக்கு ஐஸ் நம் ஆலையிலிருந்துதான் போகிறது. போட்டிக்காரர் வந்து கேட்டபோது நான் கணக்கெழுதுகிற மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அப்பா துரத்திவிடுவார் என்று நினைத்தேன். துரத்தவில்லை. "பாளமா, உடைச்சதா?" என்று மட்டும் கேட்டார். சாப்பிடும்போது நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அப்பா, அந்தப் போட்டிக்கா ஐஸ் குடுக்கிறோம்?"

"ஆமா."

"நீங்கதான் அந்தப் போட்டியே..."

"வியாபாரம் வேற, வீடு வேற. தட்டைப் பார்த்துச் சாப்பிடு."

நீயும் ஓடுகிறாய் என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குப் புரியவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியாது. ஐஸ் பாளத்துக்குள் மாட்டிய இலையாவது வெளியே தெரியும்.

இரண்டாவது செய்தி, தண்ணீர் மேசைக்குத் தொண்டர் வேண்டும் என்று பி.டி. டீச்சர் கேட்டார். என் கை தானாக உயர்ந்துவிட்டது. பிறகு இறக்க வெட்கமாக இருந்தது. மீன் ஏலக் கூடத்துக்கு எதிரே உள்ள மேசை. ஆமாம், நீ விழுந்த இடத்துக்கு அடுத்தாற்போல. பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்புகிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். "வெயில்ல நிக்காதே, குடை எடுத்துட்டுப் போ" என்றார். குடையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கொடுக்க வேண்டுமாம்.

நீ ஓடுவது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் நீ விழுந்தால் தூக்குவதற்கு நான் அங்கே இருப்பேன். அதற்காகத்தான் கை தூக்கினேன்.

சுண்டெலி


ஏப்ரல் 26

அடி என் தங்கமே,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். எலி பூனைக்கு மணி கட்டப் புறப்பட்டுவிட்டதே.

இப்போது காதைத் தீட்டிக்கொண்டு கேள். கோப்பையை நடுவில் பிடிக்காதே, விளிம்பில் இரண்டு விரலால் பிடி. நான் வாங்கும்போது உன் கையும் என்னோடு ஓர் அடி வர வேண்டும், இல்லாவிட்டால் பாதி ரோட்டுக்குப் போய்விடும். உடைத்த ஐஸை என் தொப்பிக்குள் போடு. ஸ்பாஞ்சைப் பிழியாமல் கொடு. பெயர் சொல்லிக் கூப்பிடாதே, 'அக்கா' என்றும் கத்தாதே, எனக்கு அழுகை வந்தால் அதிலும் உப்புதான் போகும்.

இனி முக்கியமானது. உன் மேசைக்கு முன்னால் ஒரு கொடி, தாண்டி ஒரு கொடி நட்டிருப்பார்கள். அந்த இரண்டு கொடிக்கு நடுவேதான் நாங்கள் எதையும் வாங்கலாம். அதுவும் மஞ்சள் மேல்சட்டை போட்ட தொண்டர் கையிலிருந்து மட்டும். கொடிக்கு வெளியே யாராவது ஒரு துளி ஐஸ் கொடுத்தாலும், கைகொடுத்துத் தூக்கினாலும், அதோடு போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். மோட்டார் சைக்கிளில் நடுவர் சுற்றிக்கொண்டே இருப்பார். முதலுதவி செய்கிறவர்கள் மட்டும் கிட்டே வந்து பார்க்கலாம்.

ஆகவே, நான் விழுந்தால் தூக்குவேன் என்று எழுதினாய் பார், அதைத்தான் செய்யக் கூடாது. கொடிக்கு வெளியே நான் விழுந்து கிடந்தாலும் கிட்டே வராதே. நானாக எழுந்து வந்தால் கொடு. வராவிட்டால் விடு. சத்தியம் பண்ணி எழுது.

அக்கா


மே 4, இரவு

அக்கா,

சத்தியம் பண்ண மாட்டேன்.

நீ கேட்பது என்ன என்று உனக்குத் தெரிகிறதா? கையில் ஐஸை வைத்துக்கொண்டு நான் நிற்க வேண்டும். நீ என் கண் முன்னால் கிடக்க வேண்டும். ஒரு கொடி குத்தியிருப்பதால் நான் வரக் கூடாது. நாய்க்குட்டி கிடந்தால்கூடத் தண்ணீர் தெளிப்பார்கள்.

போன வருஷம் விழுந்தது உனக்கு ஞாபகம் இருக்காது. விழுந்தவர்களுக்கு ஞாபகம் இருக்காது. பார்த்தவர்களுக்குத்தான் தினமும் வருகிறது. அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது ஒரு செருப்பு கழன்றுவிட்டது. ஆஸ்பத்திரி முழுக்க ஒற்றைச் செருப்போடு நடந்தார். நீ அவர் பேசியதை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறாய்.

நீ பெரியவள், உன் இஷ்டம். ஆனால் என் கையும் காலும் என்னுடையவை. அவை எங்கே போக வேண்டும் என்று நீ சட்டம் போட முடியாது.

இதற்குமேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை.


மே 9

தங்கைக்கு,

சரி, சத்தியம் வேண்டாம்.

செருப்பு விஷயம் எனக்குத் தெரியாது.

இருந்தாலும் சொல்வதைச் சொல்லிவிடுகிறேன். நீ கொடியைத் தாண்டி வந்தால் அது அன்பால்தான் என்று எனக்குத் தெரியும். அப்பா "இனி அவ ஓட மாட்டா" என்றதும் அன்பால்தான். அன்பு இருக்கிறது என்பதற்காக என்னைக் கேட்காமல் என் காரியத்தை முடித்து வைக்க ஒருவருக்கும் உரிமை இல்லை. உன்னால் பொறுக்க முடியாது என்றால் அன்றைக்கு மேசைக்கு வராதே. வீட்டில் இரு. நான் கோபப்பட மாட்டேன்.

வந்தால், கொடிக்குள் நில்.

அக்கா


மே 21

சுண்டெலிக்கு,

முடித்துவிட்டேன். கடைசியிலிருந்து மூன்றாவது. எனக்குப் பின்னால் வந்த இருவரில் ஒருவருக்கு என் வயதைப் போல இரண்டு பங்கு வயது. கேலி செய்கிறவர்கள் செய்யட்டும், எனக்குக் கொடுத்த தகட்டில் 'முடித்தவர்' என்றுதான் போட்டிருக்கிறது. விழுந்தவர் என்று இல்லை.

காலையிலேயே எல்லாம் கோணல். மீட்புப் படகு வரத் தாமதமானதால் நீச்சலைத் தள்ளிப்போட்டார்கள். கரையில் நின்றே பாதி வெயிலைக் குடித்துவிட்டோம். நீச்சல் நன்றாகப் போனது. சைக்கிளில், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வேகத்தடையில் தூக்கிப்போட்டது பார், என் உப்புப் பாட்டில் குதித்துச் சாக்கடையில் போய் விழுந்தது. எடுக்க இறங்கியிருந்தால் கெடு நேரத்துக்குள் வந்திருக்க மாட்டேன். விட்டுவிட்டேன்.

ஓட்டம் ஆரம்பிக்கும்போதே உச்சி வெயில். முதல் சுற்றில் உன்னைப் பார்த்தேன். மஞ்சள் சட்டை உனக்கு முழங்கால் வரை தொங்கியது. கோப்பையை விளிம்பில் பிடித்திருந்தாய். சொன்னபடி என்னோடு ஓர் அடி வந்தாய். இரண்டாவது சுற்றிலும் அப்படியே. உன் உதடு மட்டும் வெளுத்திருந்தது.

மூன்றாவது சுற்றில் கால் என்னுடையதாக இல்லை. ஏலக் கூடத்துக்குச் சற்று முன்னே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். போன வருஷம் விழுந்த இடத்தைத் தாண்டித்தான் உட்கார்ந்தேன், அதைக் குறித்துக்கொள். உன் கொடி கல்லெறி தூரத்தில் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் ஐஸைக் கொண்டு வந்து யார் நீட்டியிருந்தாலும் வாங்கியிருப்பேன். சத்தியம், சட்டம் எல்லாம் காற்றில் போயிருக்கும். உன்னிடம் அவ்வளவு பெரிய வார்த்தை பேசிய நான், கையை நீட்டியிருப்பேன்.

யாரும் நீட்டவில்லை. முதலுதவிப் பெண் வந்து ஏதோ கேட்டாள். உன் குரல் எங்கேயோ கேட்டது, "தொடாதீங்க" என்று. யாரிடம் சொன்னாய்? அந்தக் குரலில் உன்னை நான் அதுவரை கேட்டதில்லை. அதற்குப் பிறகு எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது.

கொடிக்குள் வந்ததும் நீ வாயில் ஊற்றியது உப்புத் தண்ணீர். அதை எங்கிருந்து பிடித்தாய்? பிறகு ஒருவர் என் தொப்பியைக் கழற்றி, நிறைய ஐஸ் போட்டு, மறுபடி தலையில் அழுத்தினார். கழுத்துக்குப் பின்னாலும் இரண்டு கை நிறைய ஐஸை வைத்துப் பிடித்துக்கொண்டே என்னோடு கடைசிக் கொடிவரை நடந்தார். என்னால் தலை நிமிர முடியவில்லை. அந்த மஞ்சள் சட்டை அவருக்குப் பாதி வயிற்றிலேயே சிக்கிக்கொண்டிருந்தது, அது மட்டும் தெரிந்தது. கை சொரசொரவென்று மரக்கட்டை போல இருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. டீச்சரின் கணவரா? அவருக்கு என் நன்றியைச் சொல். அந்தக் கை இல்லாவிட்டால் நாலாவது சுற்று இல்லை.

முடித்துவிட்டு உன்னைத் தேடி வந்தேன். உன்னைக் காணோம். நம் ஆலை வண்டி மட்டும் தூரத்தில் திரும்பிப் போனது. தன் ஐஸை அனுப்பத் தெரிந்த மனிதருக்கு, தானும் ஒரு நடை வந்து பார்க்கத் தெரியவில்லை. சரி, வியாபாரம் வேறு. நான் மாலை பஸ்ஸில் திரும்பிவிட்டேன். கூப்பிடாத வீட்டுக்கு நான் ஏன் போக வேண்டும்.

நீ ஏன் போய்விட்டாய்? இன்னும் கோபமா?

அக்கா


மே 24, இரவு

அன்புள்ள அக்கா,

பி.டி. டீச்சருக்குக் கல்யாணம் ஆகவில்லை.

வரிசையாகச் சொல்கிறேன். காலையில் இறக்கிய ஐஸ், ஓட்டம் ஆரம்பிக்கும் முன்பே தண்ணீராகிவிட்டது. டீச்சர் ஆலைக்குப் போன் செய்து இன்னொரு வண்டி கேட்டார். ஓட்டுநர் அண்ணன் சந்தைக்குப் போயிருந்தார். அதனால் அப்பாவே சின்ன வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். நீ இரண்டாவது சுற்று முடித்துப் போன பிறகு வந்தார். என்னைப் பார்த்து, "குடை எங்க?" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அவர் சாக்கைத் தோளில் தூக்கியபோது நீ வந்தாய். உட்கார்ந்தாய். அவர் சாக்கைக் கீழே போட்டார். இரண்டு கையாலும் ஐஸை அள்ளிக்கொண்டு ஓடினார்.

நான் முதல் கொடிக்குப் பக்கத்தில் நின்றேன். என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. உன் கடைசிக் கடிதத்துக்குப் பிறகும் நான் ஒன்றும் முடிவு செய்திருக்கவில்லை. ஒரு நிமிஷம் முன்பு வரை நானே உன்னிடம் ஓடி வருவேன் என்றுதான் நினைத்தேன். அப்பா ஓடுவதைப் பார்த்ததும் என் கை இரண்டும் விரிந்துவிட்டன. அவருக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன்.

"தள்ளுடி."

"தொடாதீங்கப்பா."

"அவ உக்காந்துட்டா. கண்ணு தெரியலையா உனக்கு?"

"தெரியுது. அங்க போய்க் குடுத்தா அவளை நீக்கிடுவாங்க. நடுவர் பார்த்துட்டே நிக்கிறார்."

"நீக்கட்டும். உயிரோட நீக்கட்டும்."

"அவளைக் கேட்டீங்களா?"

அக்கா, நான் அப்பாவிடம் அப்படிப் பேசினேன். அவர் ஒரு கையால் என்னை விலக்கியிருந்தால் நான் சாலைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்திருப்பேன். பாளம் தூக்குகிற கை. அவர் விலக்கவில்லை. ஐஸ் அவர் விரல் வழியாகச் சொட்டிக்கொண்டே இருந்தது.

முதலுதவி அக்கா உன்னிடம் எந்தச் சுற்று என்று கேட்டாள். "மூணு. போன வருஷமும் மூணுதான்" என்று நீ எரிந்து விழுந்தாய். அவள் எங்கள் பக்கம் திரும்பி, "பேச்சு தெளிவா இருக்கு" என்று சொன்னாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. உன் கண் போன வருஷம் மாதிரி ஆகியிருந்தால் நானே ஓடி வந்திருப்பேன். நீ என்னோடு சாகும்வரை பேசாமல் இருந்தாலும் வந்திருப்பேன். இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

நீ கையை ஊன்றி எழுந்தாய். குடித்தவன் மாதிரி நடந்தாய். அப்பா வாய்க்குள், "வா, வா, வா" என்று சொல்லிக்கொண்டிருந்தார், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது சொல்வாரே, அதே மாதிரி. நான் என் மேல்சட்டையைக் கழற்றி அவர் தலை வழியாக மாட்டினேன். பாதியில் சிக்கிக்கொண்டது. டீச்சர் ஓடி வந்தார்.

"என்னடி பண்றே?"

"ஆள் மாத்தறேன் டீச்சர். எனக்குப் பதில் இவர் தொண்டர்."

டீச்சர் அவரையும் அவர் கையிலிருந்த ஐஸையும் பார்த்தார். தன் மஞ்சள் சட்டையைக் கழற்றி எனக்கு மாட்டினார். "சரி சார். ஆனா கொடியைத் தாண்டக் கூடாது" என்றார். யார் சொன்னாலும் கேட்காத நம் அப்பா, "சரிங்க" என்றார். தாண்டவில்லை. கடைசிக் கொடி வந்ததும், சுவரில் மோதியவர் மாதிரி நின்றுவிட்டார். நீ போய்க்கொண்டே இருந்தாய்.

உப்பு அவர் கொண்டு வந்ததுதான். வண்டியில் ஒரு பாட்டிலில் கரைத்து வைத்திருந்தார். நான் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார். ஆக, டாக்டர் சொன்னது அவர் காதில் விழுந்துதான் இருக்கிறது. நீ ஓடுகிறாய் என்பதும் தெரிந்துதான் இருக்கிறது.

நீ முடிவுக் கோட்டைத் தொடும்வரை வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தார். தொட்டதும், "ஏறு" என்றார். நான் ஏறினேன். பாதி வழியில் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு கேட்டேன், "ஏம்பா அவகிட்ட ஒரு வார்த்தை பேசல?"

"பேசினா நின்னுருப்பா" என்றார்.

மஞ்சள் சட்டையைக் கழற்ற மறந்து அப்படியே ஓட்டிக்கொண்டு வந்தார். வழியில் சிக்னலில் ஒருவர், "சார், ரோடு வேலை எப்ப முடியும்?" என்று கேட்டார்.

அதற்கப்புறம் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் வீடு தேட வேண்டியதுதான் என்று நினைத்தேன். நேற்று இரவு எழுதலாம் என்று மாடிப்படிக்கு அடியில் வந்தால், ஒரு பல்பு தொங்குகிறது. புது ஒயர். சாக்குகளை எடுத்துவிட்டு ஒரு முக்காலியும் போட்டிருக்கிறது. நான் பயந்து மேலே ஓடிவிட்டேன். இன்றைக்குத்தான் துணிந்து உட்கார்ந்திருக்கிறேன். கம்ப்ரஸர் இரண்டு தரம் நின்றுவிட்டது. மேலே கட்டில் சத்தம் கேட்டது. யாரும் இறங்கி வரவில்லை. நான் பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை.

சுண்டெலி


மே 29

அடியே,

பல் கூடத்தில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். யாருக்கோ நடவேண்டிய முன்பல்லைக் கோணலாக நட்டுவிட்டேன். மறுபடி எல்லாவற்றையும் பிரித்துச் செய்ய வேண்டும்.

அந்தக் கை எனக்கு எப்படித் தெரியாமல் போனது.

நான் வருகிறேன். ஆனால் அழுதுகொண்டு வரவில்லை, மன்னிப்புக் கேட்டுக்கொண்டும் வரவில்லை. அடுத்த வருஷமும் பெயர் கொடுப்பேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், அவரிடமும் சொல்லிவிடு. இது தெரிந்து, வா என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமை வருவேன். சைக்கிளோடு வருவேன். ஓட்டத்தை விட்டுவிட்டால் வரலாம் என்று சொன்னால், இங்கேயே பல் நட்டுக்கொண்டிருப்பேன்.

நீ அவரிடம் கேட்ட கேள்வியை நானே கேட்டிருக்க வேண்டும். எனக்குப் பதில் நீ கேட்டாய். இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

சுண்டெலி என்று இனி கூப்பிடுவது சரியில்லையோ என்று யோசிக்கிறேன்.

அக்கா


ஜூன் 2, இரவு

அன்புள்ள அக்கா,

பெயரை மாற்றாதே. எனக்கு இன்னும் எல்லாவற்றுக்கும் பயம்தான். உன் கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டப் போனபோதுகூடக் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். ஓடத் தோதாக.

அவர் தொட்டியிலிருந்து பாளங்களை எடுத்துக்கொண்டிருந்தார். நிறுத்தாமல் கேட்டார். நான் சைக்கிள் வரைக்கும் படித்தேன், பல் நடுவது வரைக்கும் படித்தேன். முடித்த பிறகும் இரண்டு பாளம் எடுத்தார்.

"அடுத்த வருஷமும் ஓடுவாளாமா?"

"ஆமாப்பா."

"வெயில்லயா?"

"வெயில்லதான் நடத்துவாங்க."

"அப்போ வீட்டு வாசலுக்கு வர வேண்டாம். நான் சொன்னா சொன்னதுதான்."

அப்படியே திரும்பினேன். அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"ஏய், முழுசாக் கேட்டுட்டுப் போ. ஐஸ் ஏத்தற கதவு வழியா வரச் சொல்லு. அது வீடு இல்ல, ஆலை. அங்க யார் வேணாலும் வரலாம். சைக்கிளும் அதுலதான் நுழையும், வாசல் குறுகல்."

"எத்தனை மணிக்குன்னு சொல்லட்டும்பா?"

"நம்ம வண்டி சந்தையிலேருந்து சும்மாதானே திரும்பி வருது. ஏறிக்கச் சொல்லு."

ஓட்டுநர் அண்ணனைப் பற்றியும் அவருக்குத் தெரிந்துதான் இருக்கிறது. அண்ணன் இன்னும் வேலையில்தான் இருக்கிறார். "ரெண்டு உறை போட்டுச் சுத்தினது வீணாப் போச்சு" என்று சொன்னார்.

ஐஸ் ஏற்றுகிற கதவு உள்ளே எங்கே வந்து திறக்கும் என்று உனக்குத் தெரியும், மாடிப்படிக்கு அடியில். தரை ஈரமாக இருக்கும், பார்த்து வா. பல்பை நான் அணைக்க மாட்டேன்.

சுண்டெலி